இயக்கத்தண்டின் பழுதும் உரிமையாளரின் உரிமையும்

உயர்விலைக் கார்கள் பலவற்றில் எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் அமைந்திருப்பதால், கியர்பெட்டியிலிருந்து புறப்படும் சுழல்விசை வண்டியின் அடியில் ஓடும் ஒரு நீண்ட குழாய்த் தண்டின் வழியாகப் பின்பக்க டிஃபரென்ஷியலை, அதாவது விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியை, அடைகிறது. அங்கிருந்து குட்டையான இரு தண்டுகள் அதைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. நீண்ட தண்டுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றும் குட்டைத் தண்டுகளுக்கு ஆக்ஸில் என்றும் பணிமனைகளில் தனிப்பெயர்கள் உண்டெனினும், மதிப்பீட்டுத் தாளில் இரண்டுமே பெரும்பாலும் ‘டிரைவ் ஷாஃப்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தத் தண்டில் எந்த மூட்டு என்ன காரணத்தால் கெட்டது என்பதைக் கூறாமல், தண்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று மட்டும் கூறும் மதிப்பீடு, உரிமையாளரின் பணத்தோடு பின்னாளில் அவர் முறையிடுவதற்கான ஆதாரத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறது.

தண்டின் உலோகக் குழாய் தானாக உடைவது அரிது. கெடுபவை அதன் மூட்டுகளே. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் சுழற்சி சீராக இருப்பதற்காக ஆக்ஸிலின் இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்ட் எனப்படும் சமவேக மூட்டு பொருத்தப்படுகிறது. அதனுள் இயங்கும் எஃகுக் குண்டுகளுக்குத் தேவையான கிரீஸைக் காத்து நிற்பது ‘பூட்’ எனப்படும் மடிப்பு உறை மட்டுமே. உறை கிழிந்தால் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும், மணலும் நீரும் உள்ளே புகும். மழைக்காலத்தில் சாலைகளில் நீர் தேங்கும் ஊர்களில் இந்தத் தேய்மானம் இன்னும் விரைவாக நிகழும். நீண்ட தண்டிலோ, கியர்பெட்டியோடு சேரும் இடத்தில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் வட்டும், நடுவில் தண்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கும், மூட்டுகளில் சிலுவை வடிவ இணைப்பும் பல வண்டிகளில் உள்ளன.

இவை ஒவ்வொன்றும் கெடும்போது தரும் அறிகுறி வேறு. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் ஓசை எழுந்தால், இயக்கவிசை பெறும் முன்சக்கரத்தின் வெளிமூட்டைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் கூட்டும்போது மட்டும் வண்டி நடுங்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நடுக்கம் அடங்கினால் உள்மூட்டை நோக்க வேண்டும். கியரை முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாற்றும் கணத்தில் அடியில் ஒரு மொத்தொலி கேட்பது, ரப்பர் வட்டிலோ சிலுவை மூட்டிலோ தளர்வு விழுந்திருப்பதைக் காட்டக்கூடும்.

அதிர்வின் மூலத்தைப் பிரித்தறிய எளிய கணக்கொன்றும் உண்டு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் செல்கிறது. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்பதால் சக்கரமும் ஆக்ஸிலும் வினாடிக்குச் சுமார் 14 முறை சுழல்கின்றன. டிஃபரென்ஷியலின் பல்விகிதம் 3 என்றால் நீண்ட தண்டு அதே வேகத்தில் சுமார் 42 முறை சுழல்கிறது. ஆகவே மெதுவான குலுக்கலாக உணரப்படுவது சக்கரத்தின் அல்லது ஆக்ஸிலின் குறையாகவும், காதை அடைக்கும் ரீங்காரமாக உணரப்படுவது நீண்ட தண்டின் குறையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். நின்ற வண்டியில் எஞ்சினின் சுழற்சியை மட்டும் கூட்டிப் பார்த்தும் அதே நடுக்கம் வருமானால், குறை தண்டுகளில் இல்லை, எஞ்சினிலோ அதன் தாங்கிகளிலோ இருக்கிறது. அதிர்வு அளக்கும் கருவியோடு செய்யப்படும் இந்தச் சோதனை ஓட்டத்துக்கு நெடுநேரம் பிடிக்காது. இதைச் செய்யாமல், சக்கரங்களின் சமநிலையைக்கூடச் சரிபார்க்காமல், பெருந்தொகைக்குத் தண்டை மாற்றச் சொல்வது நியாயமான நோயறிதல் ஆகாது.

முழுத் தண்டும் மாற்றப்பட வேண்டியதா என்ற கேள்வியில்தான் உரிமையாளர்கள் பெரிதும் இழக்கின்றனர். 2003 முதல் 2010 வரை வெளிவந்த முதல் தலைமுறை போர்ஷே கெயன் வண்டிகளில் சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிவது பரவலாக அறியப்பட்ட பலவீனம்; தயாரிப்பாளர் வழியில் முழுத் தண்டாகவே மாற்றப்பட்ட அந்தப் பழுதுக்கு, பேரிங்கை மட்டும் மாற்றும் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் வந்தன. கிழிந்த உறை தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு மூட்டில் ஓசை இல்லாதிருந்தால், மூட்டைக் கழுவிப் புது கிரீஸும் உறையும் இட்டாலே போதும். ஓசை தொடங்கிய பிறகு உறையை மட்டும் மாற்றுவது வீண்செலவு. நீண்ட தண்டைக் கழற்றுமுன் இணையும் பாகங்களில் அடையாளக் கோடிட்டு அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லையேல் சமநிலை கெட்டுப் புதிய அதிர்வு தோன்றும். சக்கர மையத்தின் நட்டும் ரப்பர் வட்டின் போல்ட்டுகளும் பல தயாரிப்புகளில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கவை என்பதால், அவை புதிதாக இடப்பட்டனவா என்பதை விலைப்பட்டியலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்பழுதின் மிகப் பெரிய ஆபத்து ஓடும்போது மட்டும் நேர்வதன்று. தானியங்கிக் கியரின் ‘பி’ நிலை கியர்பெட்டிக்குள் உள்ள ஒரு சிறு கொக்கியால்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கொக்கிக்கும் சக்கரத்துக்கும் இடையில் தண்டு அறுந்துபோனால், ‘பி’ நிலையில் விடப்பட்ட வண்டி சரிவில் தானாக உருளும். ஒருபக்க ஆக்ஸில் மட்டும் உடைந்தாலும் சாதாரண டிஃபரென்ஷியல் கொண்ட வண்டியில் இதே நிலைதான். எனவே மூட்டில் ஓசையோ தளர்வோ உள்ள வண்டியில் கைப்பிரேக்கைப் போடாமல் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

இந்தியாவில் உரிமையாளருக்குத் துணைநிற்கும் முதன்மைச் சட்டம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுள்ள பொருளும் குறைபாடுள்ள சேவையும் அதில் தனித்தனியே வரையறுக்கப்பட்டுள்ளன. சேவைக்கு முறைப்படி ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறையாகவே எண்ணப்படுகிறது. வெளிப் பணிமனையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்று பலர் அச்சுறுத்தப்படுகின்றனர். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, இத்தகைய பொதுவான உத்தரவாத ரத்து நிபந்தனையையும் ஏற்கவில்லை. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. எனினும் தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்ற அதன் அடிப்படை நேர்மையானது.

எதிர்பார்ப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. உத்தரவாதம் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றக் கோர முடியாது என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபுறம், நிறுவனத்தின் பெயரில் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக வாங்கிய சொகுசுக் காரை வணிக நோக்கத்துக்கானது என்று ஒதுக்க முடியாது என 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் கூறியது, நிறுவனப் பெயரில் வண்டி வைத்திருக்கும் பலருக்குக் கதவைத் திறந்தது.

காப்பீடு இங்கே அதிகம் உதவாது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதன் விலக்குகளில் சேர்ந்தவை. சாலைக்கல் மோதிய விபத்தில் தண்டு வளைந்தால் கோரலாம். ஆனால் தேய்மானக் கழிவில்லாக் கூடுதல் காப்பு எடுக்காதவருக்கு ரப்பர் பாகங்களின் விலையில் பாதி கழிக்கப்படும்.

முறையீட்டை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அது பயனளிக்காவிட்டால், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்திலும், அதையும் கடந்தால் தேசிய ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். வண்டியின் விலை எவ்வளவாயினும், பழுதுபார்ப்பின் குறையை மட்டும் முறையிடும்போது கணக்கில் வருவது அந்தச் சேவைக்குக் கொடுத்த தொகைதான். அது 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. உரிமையாளர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பது, தலைமையகம் வேறு மாநிலத்தில் உள்ள நிறுவனங்களுக்கு எதிராகப் போராடுவோருக்குப் பெரிய உதவி. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் காலவரம்பு.

தயாரிப்புக் குறையா, பராமரிப்புக் குறையா என்ற கேள்வி எழுந்தால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்புவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே பணி தொடங்குமுன்பே, சோதனை ஓட்டத்தின் முடிவும் கழற்றப்படும் பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற குறிப்பும் ஜாப் கார்டில் எழுதப்பட்டுக் கையொப்பம் பெறப்பட வேண்டும். பழைய மூட்டு கிரீஸோடும் கிழிந்த உறையோடும் துடைக்கப்படாமல் பையிலிட்டுக் கட்டப்பட்டு, தேதி குறிக்கப்பட்டு உரிமையாளரின் வீட்டுக்கு வர வேண்டும்.