முறுக்கினாலும் பைக் இழுக்கலையா? 'இரண்டாவது த்ராட்டில்' கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பைக் ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலிங்கும் சரியாக இருக்கிறது. ஆனால், ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மீட்டரில் 'எஃப்.ஐ' விளக்கு வேறு எரிகிறது. "த்ராட்டில் பாடியையே மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பொறுங்க. அழுக்கேறிய ஒரு கனெக்டர்கூட காரணமாக இருக்கலாம்.

அது என்ன இரண்டாவது த்ராட்டில்?

சுஸுகி வி-ஸ்ட்ராம் 650, கவாஸகி நின்ஜா 300 போன்ற பைக்குகளில் எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையில் அடுத்தடுத்து இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று, உங்கள் கையிலுள்ள ஆக்ஸிலேட்டரோடு கேபிளால் இணைந்தது. அதற்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதுதான் இரண்டாவது வால்வு. இதை ஒரு சின்ன மோட்டார் மூலம் இ.சி.யூ திறந்து மூடும்.

நீங்கள் சட்டென்று முழுசாக முறுக்கினாலும், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ற காற்றை மட்டும் இது விடும். அதனால் பிக்கப் திணறாது. சுஸுகி 2000-ல் ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் 750 பைக்கிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது.

கோளாறு இங்கேதானா?

இரண்டு வால்வுகளும் ஒரே பாதையில் இருப்பதால், எது குறைவாகத் திறந்திருக்கிறதோ அதுதான் காற்றின் அளவைத் தீர்மானிக்கும். எனவே இரண்டாவது வால்வு பழுதானால் பவர் குறையும். எஞ்சின் தானாக உறுமினால் சந்தேகம் வேறு பக்கம் போகணும்: மெயின் த்ராட்டில் கேபிள், ஐடில் செட்டிங், காற்றுக் கசிவு.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

1. பேட்டரி: பைக் ஆஃபில் இருக்கும்போது 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் சார்ஜ் போடுங்க.

2. கோடு: சுஸுகியில் சி28 என்றால் வால்வைத் திருப்பும் மோட்டார், சி29 என்றால் அதன் சென்சார். கவாஸகியில் சென்சாருக்கு 32, மோட்டாருக்கு 62. கோடு என்ன என்று மெக்கானிக்கிடம் கேளுங்க. அது சுட்டிக்காட்டுவது பார்ட்டை மட்டுமல்ல, அதற்குப் போகும் ஒயரையும் சேர்த்துத்தான்.

3. கனெக்டர், ஒயர்: பச்சை பூத்த பின், தளர்ந்த கிளிப், டேங்குக்கு அடியில் உரசிய ஒயர் இருக்கிறதா என்று பார்க்கணும்.

4. வால்வு: ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் வால்வு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கரி பிடித்திருக்கலாம், அல்லது மோட்டாருக்குக் கரன்ட் வராமல் இருக்கலாம்.

5. சென்சார்: இதுவரை எல்லாம் சரி என்றால்தான் மீட்டர் வைத்து சென்சாரை அளக்கணும். அந்த அளவு சர்வீஸ் மேனுவலோடு ஒத்துப்போகாவிட்டால்தான் அட்ஜஸ்ட்மென்டோ, பார்ட் மாற்றமோ.

வால்வை விரலால் தள்ளிப் பார்க்காதீங்க. மோட்டார் கியர் சேதமாகலாம்.

வால்வையே கழற்றிவிடலாமா?

சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால், பெட்ரோல் அளவு அந்த வால்வைக் கணக்கில் வைத்துத்தான் செட் செய்யப்பட்டிருக்கிறது. கழற்றினால் குறைந்த வேகத்தில் வண்டி குலுங்கலாம். கழற்றும்போது ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் எஞ்சினே காலி. அடுத்த முறை பெரிய பில் நீட்டப்பட்டால், 'கனெக்டரைப் பார்த்தீங்களா?' என்று முதலில் கேளுங்க.