நிலவறையில் உறங்கும் எக்காளப் பூமரம்

அக்டோபர் மாதம் பாதி கழிந்துவிட்டால் போதும், ஜெர்மனியில் தோட்டப் பிரியர்களின் வீடுகளில் ஒரே பரபரப்புத்தான். இன்றிரவு உறைபனி விழலாம் என்று செய்தி வந்ததோ இல்லையோ, வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கு ஓடுவார்கள். அங்கே பெரிய தொட்டி ஒன்றில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடி நிற்கும். இரண்டு பேர் தொட்டியைப் பிடிக்க, ஒருவர் கிளையைத் தாங்க, மெல்ல மெல்ல அதை நிலவறைப் படிகளில் இறக்குவார்கள். பீரோவை மாடியிலிருந்து இறக்குவதுகூட இதைவிடச் சுலபம்!

அந்தச் செடியின் பெயர் புருக்மான்சியா. ஜெர்மானியர்கள் அதைத் "தேவதூதர் எக்காளம்" என்ற பொருளில் அழைக்கிறார்கள். பெயருக்கு ஏற்ற பூதான். ஒரு சாண் நீளம் சாதாரணம். சில இனங்களில் ஒரு முழத்தைத் தொடும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில், எக்காளத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாற்போல் கிளை முழுவதும் தொங்கும். பகலில் அவ்வளவாக வாசனை இராது. பொழுது சாய்ந்ததும் தோட்டமே கமகமக்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு அது விடுக்கும் அழைப்பு அது. சிவப்புப் பூ இனம் ஒன்றுக்கு மணமே இல்லை. அதைத் தேடி வருவது வாளைப் போல் நீண்ட அலகுள்ள ஓசனிச்சிட்டு. பறவைக்கு வாசனை எதற்கு?

ஊமத்தைக்குப் பங்காளி

பூவைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு ஊமத்தை நினைவுக்கு வரும். வந்தால் தவறில்லை. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவர நூல் வல்லுநர் லின்னேயஸ் 1753-ல் இதை ஊமத்தை இனத்திலேயே சேர்த்துவிட்டார். 1805-ல் பெர்சூன் என்பவர் இதைத் தனியே பிரித்து, ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் புருக்மான்சின் பெயரைச் சூட்டினார். ஊமத்தம்பூ வானத்தைப் பார்க்கும். இது பூமியைப் பார்க்கும். ஊமத்தங்காய்க்கு முள் உண்டு. இதன் காய்க்கு இல்லை. ஊமத்தை சிறு செடி. இது தண்டு முற்றி மரமாகும்.

விஷத்தில் மட்டும் பங்காளிகள் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து, பார்வை மங்கிவிடும். அதனால் கையுறை மாட்டிக்கொண்டுதான் கிளையை வெட்டுகிறார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதை எட்டத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். இதே விஷத்திலுள்ள ஸ்கோபொலமின் என்ற சத்துத்தான் கப்பல் பிரயாணத்தில் வாந்தி வராமல் தடுக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது!

காட்டில் இல்லாத செடி

இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஆண்டிஸ் மலைச்சரிவுகளும் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியும் இதன் சொந்த மண். ஆனால் அங்கே போய்க் காட்டில் தேடினால் கிடைக்காது. மொத்தம் ஏழு இனங்கள். ஏழையும் "காட்டில் அற்றுப்போனவை" என்ற பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சேர்த்திருக்கிறது. காய் காய்க்கிறது, விதையும் இருக்கிறது; ஆனால் அந்த விதையிலிருந்து காட்டில் தானாகக் கன்று முளைத்து வளர்வதைக் காண முடிவதில்லை. விதையைப் பரப்பிய மிருகங்கள் என்றோ அழிந்துபோயிருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம்.

பிறகு செடி எப்படிப் பிழைத்தது? மனிதன் கை கொடுத்தான். கொலம்பியாவில் சிபுந்தோய் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பூர்வ குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கிளையை ஒடித்து நட்டே இதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வைத்தியத்துக்கும் சடங்குக்கும் அவர்களுக்கு இது வேண்டும். கோடைக்கானலிலும் நீலகிரியிலும் ஓடைக்கரைகளில் இது தானாக நிற்பதைக் காணலாம். தோட்டத்திலிருந்து தப்பிப் போன செடிகள் அவை. பிறந்த காட்டில் வளர்ந்தவை அல்ல.

ஆகவே, ஜெர்மனியில் ஒரு வீட்டார் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. சில ரகங்கள் அப்படிப்பட்ட தொட்டிகளில்தான் உயிரோடு இருக்கின்றன.

தீனி பெருத்த செடி

புருக்மான்சியாவைப் போல் சாப்பாட்டு ராமன் வேறு இல்லை. கோடையில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தண்ணீர் கேட்கும். ஒரு வேளை தவறினால் பெரிய இலைகள் ஈரத்துணிபோல் தொங்கிவிடும். உரமும் தாராளமாக வேண்டும். 40, 50 லிட்டர் மண் கொள்ளும் தொட்டி இருந்தால்தான் வேருக்கு இடம் போதும். உச்சிவெயிலும் பலத்த காற்றும் ஆகா.

முதலில் ஒரே தண்டாக உயரும். பிறகு ஒருநாள் கவட்டைபோல் இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டை விழுந்த பிறகே பூ. கவட்டைக்கு மேலே வெட்டிய கிளையை நட்டால் சீக்கிரம் பூக்கும்; கீழே வெட்டியது மறுபடி ஆதியிலிருந்து தொடங்கும். விவரம் தெரியாமல் கவட்டைக்குக் கீழே கத்தியை வைப்பவர்கள் அடுத்த கோடை முழுவதும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆறு மாத உறக்கம்

உறைபனி ஓரிரவு பட்டாலே இலையெல்லாம் கருகிவிடும். கடுங்குளிர் நீடித்தால் தொட்டிக்குள் வேரும் உறைந்து செடி செத்துவிடும். முன்னே பிரபுக்கள் இத்தகைய செடிகளுக்கென்று கண்ணாடி மாளிகையே கட்டினார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு நிலவறைதான் மாளிகை.

உள்ளே கொண்டுபோகுமுன் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும். விட்டால் குளிர்காலம் முழுவதும் விருந்துதான்! பிறகு கவட்டைக்கு மேல் கொஞ்சம் விட்டுக் கிளைகளைக் குறைக்கிறார்கள். இருட்டறை என்றால் 5 முதல் 10 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சி இருக்க வேண்டும். இலை அத்தனையும் கொட்டிவிடும், பயப்பட வேண்டாம். வெளிச்சமான அறை என்றால் 10 முதல் 15 டிகிரி இருக்கலாம். இருட்டும் வெப்பமும் சேர்ந்தால்தான் ஆபத்து. செடி வெளுத்த தளிர்களை நீட்டி, இருக்கிற சக்தியைச் செலவழித்துவிடும்.

உரம் கூடாது. மண் எலும்பாகக் காயாத அளவுக்கு எப்போதாவது சிறிது தண்ணீர், அவ்வளவே. இரக்கப்பட்டு ஊற்றுகிறவர்களால்தான் பல செடிகள் வேர் அழுகிச் சாகின்றன. ஜனவரியில் பார்த்தால் வெறும் கட்டை. உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுவார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கவலை இல்லை.

நிலவறை இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பல நாற்றுப் பண்ணைகள் குளிர்காலம் முழுவதும் செடியை வைத்துக் காப்பாற்றி, அதற்கு வாடகை வாங்குகின்றன. செடிக்கும் ஹாஸ்டல்! அதற்கும் வசதி இல்லாதவர்கள் நாலு குச்சிகளை வெட்டி, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் வேர் விடும். தாய்ச்செடி போனாலும் ரகம் பிழைக்கும்.

மார்ச்சில் செடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தண்ணீரைக் கூட்டுகிறார்கள். ஆனால் உடனே வெளியே வைப்பதில்லை. மே 11 முதல் 15 வரையுள்ள நாட்களை அந்நாட்டார் "பனிப் புனிதர்கள்" நாட்கள் என்பார்கள். கடைசி உறைபனி அப்போதுதான் வரும் என்பது பழைய குடியானவர் கணக்கு. அது தாண்டிய பின், முதலில் சில நாள் நிழலில், பிறகு மெல்ல வெயிலில். கோடை முற்றும்போது முதல் எக்காளம் தொங்கும். பக்கத்து வீட்டார் வேலி ஓரம் வந்து ஒரு குச்சி கேட்பார்கள்.