டெலீட் டூலுக்கு ஒரு வரி விளக்கம் போதுமா?

என் ஏஐ ஏஜென்ட்டுக்கு ஒரு டெலீட் டூல் கொடுத்திருந்தேன். அதோட விளக்கம் ஒரே வரி: "ஃபைலை அழிக்கும்." ஒருநாள், "ஃபோல்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணு"ன்னு சொன்னேன். பழைய டிராஃப்ட்டோட சேர்ந்து, பாட்டிகிட்ட பேசி எடுத்த ஒரிஜினல் ரெக்கார்டிங்கும் போயிடுச்சு.

தப்பு என் மேலதான். நாம அழிக்கும்போது "நிச்சயமா?"ன்னு ஒரு பெட்டி கேட்கும், கை ஒரு நொடி நிக்கும். ஏஜென்ட்டுக்கு அந்தப் பெட்டி வராது. நாம எழுதுற விளக்கத்தை வச்சுத்தான் அது முடிவெடுக்கும்.

இப்போ அந்த விளக்கம் இப்படி இருக்கு: "ஃபைலை நிரந்தரமாக அழிக்கும், மீட்க முடியாது. முதலில் பட்டியலைக் காட்டு. பயனர் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட ஃபைலை மட்டும் அழி. 'சுத்தம் பண்ணு' என்பது ஒப்புதல் அல்ல. சந்தேகம் வந்தால் கேள்."

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்ல, 'இந்த டூல் அழிக்கக்கூடியது'ன்னு சொல்ல தனி அடையாளமே இருக்கு. ஆனா அதுவும் வெறும் குறிப்புதான், பூட்டு இல்ல. பூட்டு பர்மிஷன்லதான் இருக்கு. அதனால, ஒரிஜினல் ஃபோல்டர் பக்கமே இப்போ அந்த டூலால போக முடியாது.

பாட்டிகிட்ட மறுபடி பேசி ரெக்கார்ட் பண்ணேன். அதே கதைதான், ஆனா அந்தச் சிரிப்பு திரும்ப வரல.