சிறுகடையும் தேடுபொறி விளம்பரமும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பர். மணம் தெருவெங்கும் பரவுதலின் அவ்வாறு கூறினர் போலும். இஞ்ஞான்று பொருள் வாங்குவோர் பலர் தெருவில் இறங்குமுன் கைத்தொலைபேசியில் தேடுகின்றனர்; அத்திரையில் மணம் வீசுவதில்லை. ஹெவ்லொக் டவுனின் ஒழுங்கை ஒன்றில் தையற்கடை நடத்தும் ஒருவர், கைத்திறனில் குறைவிலராயினும், அங்குக் காணப்படாமையால் வாடிக்கையாளரை இழத்தல் கூடும். பெருநிறுவனங்களோடு பணத்தால் போட்டியிட இயலாத அவர் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தேடுபொறி விளம்பரம் ஓர் ஏலமாகும். கூகிள் நிறுவனம் தன் விளம்பரச் சேவையை 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2002இல் சொடுக்கு ஒன்றுக்கு விலைகூறும் ஏலமுறையை மேற்கொண்டது. தொகை மட்டுமே வெல்லுமாயின் சிறுகடைக்கு அங்கு இடமில்லை. ஆயின், தேடியவரின் நோக்கத்துக்கு விளம்பரம் பொருந்துகின்றதா, அதனைச் சொடுக்கும் வாய்ப்பு எவ்வளவு, சென்றடையும் பக்கம் பயனுடையதா என்பனவும் சீர்தூக்கப்படுகின்றன.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்குவாம். பெருங்கடை 100 ரூபா கூறுகின்றது, அதன் தரம் 3, பெருக்கம் 300. சிறுகடை 60 ரூபா கூறுகின்றது, அதன் தரம் 8, பெருக்கம் 480. முதலிடம் சிறுகடைக்கே. அன்றியும், அது செலுத்துவது 60 ரூபா அன்று. 300ஐ 8ஆல் வகுக்க வரும் 37.50 ரூபாவுக்குச் சற்றே மிகுந்த தொகையாம். ஏலத்தில் வென்றவர் அடுத்தவர் கூறிய விலையைச் செலுத்தும் முறையைப் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்தார். 1996இல் நோபெல் பரிசும் பெற்றார். தேடுபொறி ஏலம் அம்முறைக்கு உறவுடையது. இன்றைய நடைமுறையில் வேறு காரணிகளும் சேர்வனவாயினும் அடிப்படை இதுவே.

எனவே, சிறுகடையின் வலிமை பொருத்தத்தில் உளது. அதனைப் பெறும் வழிகள் சில:

முதலாவது, சொல்லைக் குறுக்குதல். ‘சேலை’ என்னும் பொதுச்சொல்லுக்குப் போட்டி மிகுதி. ‘வெள்ளவத்தையில் சேலைச் சட்டை தைப்பவர்’ எனத் தேடுபவரோ வேலை கொடுக்கவே வருபவர். ‘தையல் வகுப்பு’, ‘தையல் இயந்திரம்’ போன்ற தொடர்பற்ற தேடல்களை விலக்குச்சொற்களாகக் குறித்துவிடின் வீண்செலவு தவிரும்.

இரண்டாவது, எல்லையும் நேரமும் வகுத்தல். கடையைச் சூழ்ந்த சில கிலோமீற்றருள், கடை திறந்திருக்கும் வேளையில் மட்டும் விளம்பரம் தோன்றுமாறு அமைக்கலாம்.

மூன்றாவது, மொழி. நம் அயலார் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுவர். கூகிள் 2018இல் தன் விளம்பரச் சேவைகளில் தமிழையும் சேர்த்துக்கொண்டது.

நான்காவது, கட்டணமின்றிப் பெறத்தக்க கூகிள் வணிகப் பக்கம். இதன்வழி வரைபடத்திற் கடை தோன்றுதற்குப் பொருத்தம், தூரம், அறிமுகம் என்னும் மூன்றும் கருதப்படும். முகவரி, திறக்கும் நேரம், படங்கள் ஆகியன பிழையின்றி இருத்தல் வேண்டும். பொய்ப் புகழுரைகளை விலைக்கு வாங்குதல் விதிக்கும் அறத்துக்கும் மாறானது.

இவையனைத்தினும் தலையாயது கணக்கு. சொடுக்கு ஒன்றுக்கு 38 ரூபா வீதம் 20 சொடுக்குகளுக்கு 760 ரூபா செலவாகும். அவ்விருபதின்மருள் ஒருவர் தந்த வேலையால் 1,500 ரூபா இலாபம் கிடைப்பின் விளம்பரம் நன்று; 500 ரூபாவே கிடைப்பின் அதனை நிறுத்துதலே அறிவுடைமை. வந்தவர் ஒவ்வொருவரையும் ‘எவ்வாறு அறிந்து வந்தீர்கள்?’ என வினவிக் குறித்துவைத்தாலன்றி இவ்வுண்மை புலப்படாது.

வணிகக்கல்வி பயிலும் மாணவர் தத்தம் அயலிலுள்ள கடையொன்றுக்கு இக்குறிப்பேட்டை ஒரு திங்கள் எழுதிக் கொடுப்பாராயின், கடைக்காரர் தம் பணம் சென்ற வழியை அறிவர். மாணவரும் பாடநூலிற் கற்ற ஏலத்தையும் இலாபத்தையும் கண்முன் காண்பர்.