குழுவில் நான் என்ன செய்தேன்?

1907இல் பிரௌன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். பொறுப்பைக் கொடுத்தால்தான் தலைமைப்பண்பு வளரும் என்பதே சாரணர் முறையின் அடிப்படை.

அறிவியல் பாடத்தில் குழுச் செயல்பாடு முடிந்ததும் என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுகிறார்கள்: நான் செய்த வேலை எது? யார் சொன்னதைக் கேட்டு என் கருத்தை மாற்றிக்கொண்டேன்? பேசாதிருந்தவரைப் பேச வைக்க என்ன செய்தேன்?

மூன்றாவது கேள்வியே முக்கியம். உரக்கப் பேசுபவரே தலைவர் என்ற எண்ணம் அதில் உடைகிறது. அளவுகளைச் சரிபார்த்த அமைதியான மாணவியின் பங்கும் வெளியே தெரிகிறது. இந்த விடைகளுக்கு மதிப்பெண் இல்லை. தந்தால் உண்மையை எழுத மாட்டார்கள். அடுத்த செயல்பாட்டுக்குக் குழுத்தலைவரை மாற்றும்போது இக்குறிப்புகளே எனக்கு வழிகாட்டுகின்றன.