கடைக்குட்டியும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு

கடைசிப் பிள்ளையும் வீட்டைவிட்டுக் கிளம்பிய பின் கணவனும் மனைவியும் இருபது, முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்வது மனித வரலாற்றில் மிகப் புதிய சங்கதி. நம் கொள்ளுப்பாட்டிமார்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு காலம் வாய்க்கவே இல்லை.

அமெரிக்க மக்கள்தொகை அறிஞர் பால் கிளிக் 1955-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1890-ல் அங்கே கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போது தாய்க்கு வயது சுமார் 55. ஆனால், அவளுக்கு 53 வயதாகும்போதே தம்பதியில் ஒருவர் போய்ச் சேர்ந்திருப்பார். 1950-ல் நிலைமை தலைகீழ். தாயின் 48 வயதுக்குள் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்துவிட்டது. தம்பதி சேர்ந்திருப்பதோ அவளது 61 வயது வரை. அறுபதே ஆண்டுகளில், வாழ்க்கையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் அதுதான் நடந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். 23 வயதில் தலைப்பிள்ளை, 26-ல் இரண்டாவது, அத்தோடு ஆபரேஷன். அந்த இரண்டாவது பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெட்டி கட்டும்போது அம்மாவுக்கு 44 வயதுதான். அதே வயதில் அவளுடைய பாட்டியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்திருக்கும். அதோடு மூத்த மகளுக்குப் பேறுகாலமும் பார்த்திருப்பாள்.

இந்த 44-ல் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். இரவில் திடீரென்று உடம்பு கொதிக்கும், தூக்கம் கலையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பிள்ளையின் காலித் தட்டைப் பார்த்து வரும் அழுகையில் பிரிவுக்கு எவ்வளவு பங்கு, ஹார்மோனுக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மருத்துவம் ஒருகாலத்தில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டது. நடுவயதுச் சோர்வுக்கென்றே 'இன்வொல்யூஷனல் மெலன்கோலியா' என்று தனி நோய் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் 1968 பதிப்பில் அதற்கு இடம் உண்டு. அப்படித் தனியாக ஒரு நோய் இருப்பதற்குச் சான்று தேறவில்லை என்பதால் 1980 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கிளம்பியபின் பெற்றோருக்கு வரும் சோர்வு என்று பத்திரிகைகளில் அடிபடும் 'வெறுங்கூடு நோய்க்குறி' அந்தப் பட்டியலில் ஏறியதே இல்லை. டாக்டர்கள் இதை நோயாகப் பார்த்ததில் வியப்பில்லை; தாங்க முடியாதவர்கள் மட்டும்தானே அவர்களிடம் போனார்கள்? பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கிய அம்மாவை எந்த டாக்டர் பார்த்தார்?

ஆனாலும், நோய்ப்பட்டியலில் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் 'மனசு சரியில்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய 'ஸ்வான்' ஆய்வு, மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி மனச்சோர்வு அறிகுறிகள் கூடுவதை உறுதிப்படுத்தியிருக்கிறது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் தொலைந்துபோனால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகாத பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் 1958, 1960-ல் படித்து முடித்த பெண்களை உளவியலாளர் ரவென்னா ஹெல்சன் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்துவந்தார். 43, 52, 61 வயதுகளில் அவர்கள் சொன்ன பதில்களைத் தொகுத்து 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. வயது ஏற ஏற இல்லற நிறைவும் ஏறியது. பிள்ளைகள் வெளியேறிய வீடுகளில் இன்னும் கூடுதலாக. தம்பதிகள் சேர்ந்து கழித்த நேரம் கூடவில்லை. அந்த நேரம் முன்பைவிட இனித்தது, அவ்வளவுதான். கணவன்மார்கள் என்ன நினைத்தார்கள் என்று இந்த ஆய்வு கேட்கவில்லை. நூற்றுச் சொச்சம் படித்த அமெரிக்கப் பெண்களின் கதையை அப்படியே மதுரைக்குக் கொண்டுவரவும் முடியாது. நம் வீடுகளில் பிள்ளை போனாலும் மாமியார் கட்டில் அங்கேயேதான் இருக்கிறது. வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தர வேண்டியதும் அதே அம்மாதான்.

மீந்த நேரத்தை என்ன செய்வது? டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்கு ஒட்டுத்துணிப் போர்வைத் தையல், சிலருக்கு இரண்டும்; வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசியது, சேர்ந்து ஊர் சுற்றியது. புதிதாக எதையும் கற்கவில்லை. கற்றவர்களின் நினைவாற்றல் கூடியது, போட்டோகிராபிக்காரர்களுக்கு நன்றாகவே. கூடிப் பேசியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 60-க்கு மேல் முடிந்தது 45-ல் முடியாமல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

  

ஆக, கோயில் டூரும் சீரியலும் இருக்கட்டும். கூடவே கொஞ்சம் கஷ்டமான ஒன்றும் வேண்டும். ஸ்கூட்டி, நீச்சல், வீணை, இந்தி, கணக்குப்பதிவு என எதுவானாலும் சரி, முதல் மாதம் தடுமாற வைக்க வேண்டும். கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பு என்றால் இன்னும் நல்லது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது.