கடலிலே பிரித்த கடிதங்கள்

ஊரிலிருந்து வரும் கடிதத்தை எதிர்நோக்கியிருத்தல், பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் பழகிய ஒன்று. கடல் கடந்து வந்த கடிதங்களைக் காலத்தே சேர்ப்பித்த பழைய ஏற்பாடு ஒன்றை ஈண்டு நோக்குவோம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படுமுன், லண்டன் தபால் அலெக்ஸாண்டிரியாவில் இறங்கி, நிலவழியே சூயஸ் சென்று, மீண்டும் கப்பலேறிப் பம்பாய் சேர்ந்தது. 1858 முதல் அந்நிலவழியில் ரயில் ஓடிற்று. பின்னர், ஐரோப்பாவில் இத்தாலியின் பிரிண்டிசி வரை தபாலை ரயில் சுமந்தது. 1871-இல் பம்பாயும் சென்னையும் ரயிலால் இணைந்தன.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கப்பல் கரை சேர்ந்தபின் மூட்டைகளைப் பிரித்தால், ரயில்கள் காத்து நிற்க வேண்டும். ஆகவே ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே, ஓடும் கப்பலிலேயே அஞ்சல் ஊழியர்கள் கடிதங்களைப் பிரித்தனர். பருவக்காற்றில் கப்பல் தள்ளாடியபோதும் அப்பணி தொடர்ந்தது. பம்பாயில் இறங்கிய பைகள் தத்தம் ரயில்களுக்குச் சென்றன.

இத்துணை விரைவு எதற்கு? தபால் கப்பல் வாரம் ஒருமுறையே புறப்பட்டது. கடிதம் ஒரு நாள் பிந்தினால், மறுமொழி அக்கப்பலைத் தவறவிட்டு ஒரு வாரம் காத்துக் கிடக்க நேரும்.

1914-இல் போர் மூண்டதும் கடலில் பிரிக்கும் முறை நின்றது. எனினும் அதன் படிப்பினை நிலைத்தது: பயணத்தின் விரைவு வண்டியில் மட்டுமன்று, மாறும் இடத்தில் வீணாகாத நேரத்திலும் உள்ளது.